பூச்சோங்கில் வீடு, மாநகர் மன்றம் எங்கே? காரிலும் ரயிலிலும் போகும் வழி

வீட்டுக்கு ஒரு கடிதம் வருகிறது. மேலே ஒரு மன்றத்தின் சின்னம், உள்ளே முழுக்க மலாய். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அப்பா அதை உங்கள் கையில் கொடுக்கிறார். "என்னன்னு கொஞ்சம் பாரு. நாளைக்கு லீவு போட்டிருக்கேன். நேர்ல போயி முடிச்சிட்டு வந்துடலாம்."

சரி, எங்கே போவது? "மாநகர் மன்றம்னா கேஎல்லதானே இருக்கு" என்று பக்கத்து வீட்டு அங்கிள் சொல்கிறார். எல்.ஆர்.டி. ஏறுகிறீர்கள். 'பண்டாராயா' என்றே பெயர் போட்ட ஒரு நிலையம் வருகிறது. இறங்கி, எண் வாங்கி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கடைசியில் முகப்பில் கடிதத்தை நீட்டினால், அங்கிருப்பவர் அதைத் திருப்பித் தருகிறார். "இது எங்க பகுதி இல்லை. நீங்க சுபாங் ஜெயா போகணும்."

அரை நாள் போச்சு. நாள் கூலிக்கு வேலை செய்கிறவருக்கு அது அரை நாள் சம்பளம்.

பூச்சோங்காரர்களுக்கு இந்தக் குழப்பம் வருவதில் ஆச்சரியமே இல்லை. ரயில் தடம் உங்களை நேராகக் கொண்டுபோய் இறக்கிவிடுவது கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் வாசலில். உங்களுக்குச் சொந்தமான மன்றத்துக்குப் போகத்தான் வண்டி மாற வேண்டும். அதனால் வழி கேட்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: உங்கள் வீடு யாருடைய எல்லைக்குள் இருக்கிறது?

பூச்சோங் யார் கையில்?

பூச்சோங் என்ற ஊர் இருக்கிறது, பூச்சோங் மாநகர் மன்றம் என்று ஒன்று கிடையாது. ஊரின் பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்வது சுபாங் ஜெயா மாநகர் மன்றம், அதாவது எம்பிஎஸ்ஜே. 1997 ஜனவரி 1-ஆம் தேதி நகராண்மைக் கழகமாக ஆரம்பித்து, 2020 அக்டோபர் 20-ஆம் தேதி மாநகர் மன்றமாக உயர்ந்தது. பெயரில்தான் சுபாங் ஜெயா. அதன் எல்லைக்குள் பண்டார் சன்வே, பூச்சோங், பண்டார் கின்ராரா, ஸ்ரீ கெம்பாங்கான் எல்லாம் அடக்கம்.

ஆனால் கடிதத்தில் 'பூச்சோங்' என்று முகவரி இருப்பவர்கள் எல்லாரும் எம்பிஎஸ்ஜே ஆட்கள் இல்லை. தெற்கே தாமான் புத்ரா பெர்டானாவையும் 16 சியராவையும் எடுத்துக்கொள்ளுங்கள். தபால்காரருக்கு அவை பூச்சோங். ஊராட்சிக்கு அவை செப்பாங். அங்கே குடியிருப்பவர்கள் போக வேண்டியது சைபர்ஜெயாவில் இருக்கும் செப்பாங் நகராண்மைக் கழகத்துக்கு.

வடக்கே கதை தலைகீழ். ஜாலான் பூச்சோங் என்ற சாலை ஜாலான் கிள்ளான் லாமாவில் இருந்து கிளம்புகிறது. அந்த முனை கோலாலம்பூருக்குள் இருக்கிறது. 1974 பிப்ரவரி 1-ஆம் தேதி சிலாங்கூரிலிருந்து கோலாலம்பூரைப் பிரித்துக் கூட்டரசுப் பிரதேசம் ஆக்கினார்கள். அந்தக் கோடு இந்தச் சாலையையும் வெட்டிக்கொண்டு போனது. அதனால் ஓயூஜி பக்கமோ, யாழ்ப்பாணத்தின் பெயரைச் சுமக்கும் தாமான் யாழ் பக்கமோ இருப்பவர்களுக்குச் சாலைப் பெயரில் பூச்சோங் வந்தாலும், மன்றம் டிபிகேஎல்தான்.

இவ்வளவு சிக்கல் ஏன் என்று கேட்டால், பூச்சோங் ஒரே நாளில் திட்டம் போட்டுக் கட்டின ஊர் இல்லை. ஈயச் சுரங்கமும் ரப்பர் தோட்டமுமாக இருந்த இடம். வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இன்னும் 'பதினாலாம் கட்டை' என்றுதான் வழி சொல்வார்கள். தோட்டங்கள் போய் தாமான்கள் வந்தன. காசல்ஃபீல்டு, கின்ராரா என்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் மட்டும் பழைய தோட்டங்கள் மிச்சம் இருக்கின்றன. வீடுகள் எல்லையைப் பார்த்தா பரவின?

உங்கள் மன்றம் எது என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி, வீட்டின் மதிப்பீட்டு வரி பில்லைப் பார்ப்பது. தலைப்பில் மன்றத்தின் பெயர் இருக்கும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரைக் கேளுங்கள், அல்லது வீட்டுப் பக்கத்தில் கார் நிறுத்தக் கட்டணப் பலகை இருந்தால் அதில் எந்த மன்றத்தின் பெயர் என்று பாருங்கள். தபால் குறியீட்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

இந்த வரிக்கு அந்த வாசல் இல்லை

இன்னொரு பொதுவான தவறு, வீட்டு வரியையும் நில வரியையும் ஒன்றாக நினைப்பது.

மதிப்பீட்டு வரி, வீட்டில் 'சுக்காய் பிந்து' என்று சொல்வோமே, அது மன்றத்துக்குப் போவது. ஆண்டுக்கு இரண்டு முறை. முதல் பாதியைப் பிப்ரவரி கடைசிக்குள், இரண்டாம் பாதியை ஆகஸ்ட் கடைசிக்குள் கட்ட வேண்டும். 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி, கட்டாமல் விட்டால் முதலில் நோட்டீஸ் வரும். அதையும் கண்டுகொள்ளாவிட்டால், வீட்டிலுள்ள அசையும் பொருள்களைப் பறிமுதல் செய்யும் வாரண்ட் வரை போகலாம். அப்பா கொடுத்த கடிதம் இந்த வகை நோட்டீஸ் என்றால், அதைத் 'அப்புறம் பாத்துக்கலாம்' பெட்டியில் போடாதீர்கள்.

நில வரி, அதாவது 'சுக்காய் தானா', மாநில நில அலுவலகத்துக்குப் போவது. சிலாங்கூரில் இதற்குக் கடைசித் தேதி மே 31. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு 2018 முதல் இது வீட்டுக்கு வீடு தனித்தனியாக, 'சுக்காய் பெத்தாக்' என்ற பெயரில் வருகிறது. பெட்டாலிங் மாவட்ட நில அலுவலகம் இருப்பது ஷா ஆலாம் செக்‌ஷன் யூ5-ல். யுஎஸ்ஜேக்குப் போய் நில வரி கட்ட முடியாது. 'இது வேற ஆபீஸ்' என்றுதான் பதில் கிடைக்கும்.

அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் என்றால் அது தேசியப் பதிவு இலாகா. மன்றத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

வெறும் வரி கட்டுவதுதான் வேலை என்றால், உண்மையைச் சொல்லப் போனால், நீங்கள் எங்கேயும் போக வேண்டாம். இணையத்தில், வங்கிச் செயலியில் கட்டிவிடலாம். வீட்டுக்காரர் பெயர் மாற்றம், கணக்கில் குழறுபடி, கடை உரிமம், பழைய அபராதம் குறித்து முறையீடு, இந்த மாதிரி வேலைகளுக்குத்தான் நேரில் போவது பயன்படும். தாத்தா இறந்த பிறகும் பத்து வருஷமாக அவர் பெயரிலேயே பில் வருகிற வீடுகள் நம்மிடையே குறைவில்லை.

ரயிலில் எம்பிஎஸ்ஜேக்கு

தலைமையகம் இருப்பது யுஎஸ்ஜே 5, பெர்சியாரான் பெர்பாடுவான் சாலையில். வரைபடத்தைத் திறந்து பார்த்தால் பூச்சோங்குக்குப் பக்கம்தான். ஆனால் நடுவில் கிள்ளான் ஆறு ஓடுகிறது. ஆற்றைக் கடக்கும் இடங்கள் குறைவு. ரயிலும் அதனால்தான் நேராகப் போகாமல் தெற்கே இறங்கி, பிறகு வடக்கே ஏறுகிறது.

பூச்சோங் பக்கம் ஓடுவது ஸ்ரீ பெட்டாலிங் தடம், வரைபடத்தில் 4-ஆம் எண். 2016 மார்ச் கடைசியில் பண்டார் புத்ரி வரையும், அதே ஆண்டு ஜூன் 30-ல் புத்ரா ஹைட்ஸ் வரையும் இந்தத் தடம் நீண்டது. அதற்கு முன்னால் பூச்சோங்குக்கு ரயிலே கிடையாது என்பதை இப்போது கல்லூரியில் இருப்பவர்கள் பலரும் மறந்திருப்பீர்கள்.

உதாரணத்துக்கு ஐஓஐ பூச்சோங் ஜெயா நிலையத்தில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். 'புத்ரா ஹைட்ஸ்' என்று போட்ட பிளாட்பாரத்துக்குப் போங்கள். பூசாட் பண்டார் பூச்சோங், தாமான் பெரிண்டஸ்ட்ரியான் பூச்சோங், பண்டார் புத்ரி, பூச்சோங் பெர்டானா, பூச்சோங் பிரிமா, புத்ரா ஹைட்ஸ். ஆறாவது நிலையம், அதுவே கடைசி. எல்லாரும் இறங்குவார்கள், நீங்களும் இறங்குங்கள்.

இங்கே பதற வேண்டாம். டிக்கெட் கதவைத் தாண்டி வெளியே போகக் கூடாது. அதே நிலையத்துக்குள்ளேயே 5-ஆம் எண் கிளானா ஜெயா தடத்துக்கு மாறி, 'கோம்பாக்' போகும் வண்டியில் ஏறுங்கள். சுபாங் ஆலாம், ஆலாம் மெகா, யுஎஸ்ஜே 21, வாவாசான், தைப்பான், யுஎஸ்ஜே 7. மறுபடி ஆறு நிலையம். ஆக மொத்தம் பன்னிரண்டு, நடுவில் ஒரு மாற்றம்.

தைப்பானிலும் இறங்கலாம், யுஎஸ்ஜே 7-லும் இறங்கலாம். எங்கே இறங்கினாலும் அலுவலக வாசலுக்கு ரயில் போகாது. அங்கிருந்து ஒரு சின்ன கிராப் பயணம். யுஎஸ்ஜே 7 பக்கத்தில் சம்மிட் பேரங்காடி இருப்பதால் வண்டி கிடைப்பது சிரமமில்லை. தனியாகப் போகிற இளைஞர் என்றால் கைப்பேசியில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தும் போய்விடலாம். முட்டி வலி உள்ள அம்மாவோடு மதிய வெயிலில் அந்த வேலை வேண்டாம்.

சிலாங்கூர் அரசின் இலவச ஸ்மார்ட் சிலாங்கூர் பேருந்துகள் 2015-லிருந்து ஓடுகின்றன, சுபாங் ஜெயா வட்டாரத்திலும் தடங்கள் உண்டு. அன்றைய நேரத்தையும் தடத்தையும் கிளம்பும் முன் பார்த்துவிட்டு நம்புங்கள்.

டிக்கெட்டுக்கு டச் அண்ட் கோ அட்டை போதும். மாதம் முழுக்க ரேபிட் கேஎல் வண்டிகளில் சுற்றுகிறவர் என்றால் 50 ரிங்கிட் மை50 பயண அட்டை வைத்திருப்பீர்கள், அது குடிமக்களுக்கு மட்டும். 60 வயது தாண்டிய பாட்டி தாத்தாவுக்குச் சலுகை அட்டை எடுத்தால் பாதிக் கட்டணம். எடுத்துக் கொடுங்கள், வருஷக்கணக்கில் முழுக் கட்டணம் கட்டிக்கொண்டே இருப்பார்கள், நம்மிடம் கேட்கக்கூட மாட்டார்கள்.

காரில் என்றால்

பூச்சோங்கின் முதுகெலும்பு எல்டிபி நெடுஞ்சாலை. 1999 ஜனவரியில் திறந்தது. அதே சாலைதான் பூச்சோங்கின் தலைவலியும். காலை ஏழரைக்கு அதில் ஏறினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எல்டிபியில் பெட்டாலிங் ஜெயா திசையில் போங்கள். பண்டார் சன்வேயை நெருங்கும்போது கெசாஸ் நெடுஞ்சாலைக்கான பலகை வரும். அதில் ஷா ஆலாம், கிள்ளான் திசையைப் பிடியுங்கள். பிறகு யுஎஸ்ஜே வெளியேறும் வழி, பெர்சியாரான் கெவாஜிப்பான். அதற்கப்புறம் பெர்பாடுவான் பலகையைத் தேடுங்கள். எல்டிபி, கெசாஸ் இரண்டுமே கட்டண நெடுஞ்சாலைகள், எனவே அட்டையில் காசு இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

வழிகாட்டிச் செயலியில் வெறும் 'எம்பிஎஸ்ஜே' என்று மட்டும் தட்டிவிட்டுக் கிளம்பாதீர்கள். மன்றத்தின் பெயரில் மண்டபம், நூலகம், விளையாட்டு வளாகம் என்று பல இருக்கின்றன. செயலி எதைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. 'இபு பெஜாபாட்' என்று சேர்த்துத் தட்டி, கீழே யுஎஸ்ஜே 5 என்று வருகிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.

சாலையோரம் நிறுத்தினால் காகிதக் கூப்பன் காலம் முடிந்துவிட்டது, செயலியில்தான் கட்ட வேண்டும். அபராதத்தைப் பற்றி முறையிடப் போன இடத்தில் இன்னொரு அபராதம் வாங்கிக்கொண்டு வருவது ரொம்பக் கொடுமை.

காரா ரயிலா என்றால், எம்பிஎஸ்ஜேக்கு என் ஓட்டு காருக்கு, காலை பத்து மணிக்கு மேல் கிளம்ப முடியும் என்றால். ஒருவர் மட்டும் போகிறீர்கள், அல்லது காலை எட்டரைக்கே அங்கே இருக்க வேண்டும் என்றால் ரயில்.

கேஎல்தான் என்றால் காரை மறந்துவிடுங்கள்

நீங்கள் இருப்பது ஜாலான் பூச்சோங்கின் கோலாலம்பூர் முனையில், அல்லது உங்கள் கடை கேஎல்-இல் என்றால் டிபிகேஎல்தான் உங்கள் அலுவலகம். ஜாலான் ராஜா லாவுட்டில் இருக்கிறது. ஒருவழிச் சாலைகளும் நெரிசலும் உள்ள பகுதி, கார் எடுத்துப் போவதில் லாபமே இல்லை.

பூச்சோங்கிலிருந்து இதற்கு ரயில் மாறவே வேண்டாம். 'செந்தூல் தீமோர்' போகும் வண்டியில் ஏறி உட்கார்ந்தால், ஐஓஐ பூச்சோங் ஜெயாவிலிருந்து பதினேழாவது நிலையம் பண்டாராயா. மஸ்ஜித் ஜாமெக்குக்கு அடுத்தது. 1996 டிசம்பரில் நாட்டின் முதல் எல்.ஆர்.டி. ஓடத் தொடங்கியபோதே இருந்த நிலையம். பக்கத்தில் இருக்கும் மாநகர் மன்றத்தால்தான் அந்தப் பெயரே. டிபிகேஎல்லுக்கு மூன்று கோபுரங்கள் இருக்கின்றன. உங்கள் கடிதத்தில் எந்தக் கோபுரம், எந்த மாடி என்று பார்த்துவிட்டு நுழையுங்கள்.

16 சியரா பக்கம் இருப்பவர்களுக்கு வேறு கணக்கு. 2023 மார்ச்சிலிருந்து புத்ராஜெயா எம்.ஆர்.டி. தடம் முழுமையாக ஓடுகிறது. 16 சியரா நிலையத்தில் ஏறினால் அடுத்தது சைபர்ஜெயா உத்தாரா, அதற்கடுத்தது சைபர்ஜெயா சிட்டி சென்டர். அங்கிருந்து செப்பாங் நகராண்மைக் கழகத்துக்குக் கிராப். எல்.ஆர்.டி. பக்கம் இருப்பவர்கள் புத்ராஜெயாவுக்குப் போவதென்றால் சுங்கை பெசியில் இந்தத் தடத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

முதலில் நாள்காட்டி. பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேச தினம். டிபிகேஎல் மூடியிருக்கும், சிலாங்கூர் அலுவலகங்கள் திறந்திருக்கும். டிசம்பர் 11 சிலாங்கூர் சுல்தான் பிறந்தநாள். அன்று எம்பிஎஸ்ஜே மூடியிருக்கும், டிபிகேஎல் வேலை செய்யும். கேஎல்-இல் வேலை பார்க்கிறவர்கள் பிப்ரவரி 1 விடுமுறையைப் பயன்படுத்தி எம்பிஎஸ்ஜே வேலையை முடித்துவிடலாம். அது வார நாளில் வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள். தொழுகைக்காகப் பொதுவாக 12.15-லிருந்து 2.45 வரை இடைவேளை. பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தால் உங்கள் எண் வருவதற்குள் திரை இறங்கிவிடும். அதேபோல் பிப்ரவரி, ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஊரே வரி கட்ட வந்து நிற்கும்.

பிறகு உடை. அரை கால்சட்டை, கையில்லாத சட்டை, ரப்பர் செருப்பு வேண்டாம். அரசு அலுவலகங்களுக்கு வந்த பெண்களைச் சாரோங் கட்டிக்கொண்டு உள்ளே போகச் சொன்ன சம்பவங்கள் 2015-ல் பெரிய சர்ச்சை ஆயின. அது சரியா தவறா என்பது தனி விவாதம். அதை வாசலில் நின்று, அப்பாவின் லீவு நாளில் நடத்த வேண்டாம், நீளக் கால்சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கையில் என்ன வேண்டும்? வந்த கடிதத்தின் அசல், வீட்டுக்காரரின் அடையாள அட்டை, பழைய ரசீது. பெயர் மாற்றம் என்றால் வீட்டுப் பத்திரம், விற்பனை ஒப்பந்தம் அல்லது இறப்புப் பத்திரம். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். வீட்டுக்காரர் வராமல் நீங்கள் மட்டும் போகிறீர்கள் என்றால், அவருடைய அனுமதிக் கடிதத்தைக் கேட்பார்களா என்று முன்னாலேயே தொலைபேசியில் விசாரியுங்கள். பெரும்பாலும் இந்த ஒரு தாளுக்காகத்தான் இரண்டாவது முறை அலைய வேண்டி வருகிறது.

முகப்பில் பேசப்போவது நீங்கள்தான், அப்பா இல்லை என்றால், கடிதத்தில் 'நொம்போர் அக்காவுன்' என்று இருக்கும் எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உட்காரும்போது அப்பாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். வீடு அவருடையது. என்ன சொன்னார்கள், என்ன கையெழுத்து போட்டோம் என்று அவருக்குத் தமிழில் அங்கேயே சொல்லிவிடுங்கள். காரில் வந்து சொல்லலாம் என்று விட்டால், ஒரு சந்தேகம் வந்து மறுபடி உள்ளே போக வேண்டியிருக்கும், அப்போது புது எண் வாங்க வேண்டும்.

திரும்பி வரும்போது, டிபிகேஎல்லுக்குப் போனவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. பண்டாராயா நிலையத்தில் தெற்கே போகும் வண்டிகள் இரண்டு வகை. ஒன்று புத்ரா ஹைட்ஸ் போகும், இன்னொன்று அம்பாங் போகும். இரண்டும் ஒரே பிளாட்பாரத்தில்தான் வரும். பலகையைப் பார்க்காமல் களைப்பில் ஏறிவிட்டால், சான் சோவ் லின்னில் இறங்கி மாறிக்கொள்ளுங்கள். அதைத் தாண்டிவிட்டால் வண்டி அம்பாங் பக்கம் திரும்பிவிடும், பூச்சோங் வராது.